அம்மா அடித்த ணங்

எங்கள் பள்ளியில் மணி என்று ஒன்று கிடையாது. வாசலுக்கு உள்ளே நிற்கும் புங்கை மரத்தின் கிளையில் சங்கிலி போட்டு ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருப்பார்கள். செங்கோட்டை ரயில் பாதையை அகலமாக்கியபோது கழித்துப் போட்ட பழைய தண்டவாளம் என்று சொல்வார்கள். அதன் பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பி. அந்தக் கம்பியால் அதை அடிக்கும் வேலை என் அம்மாவுடையது. வகுப்பறைகளைக் கூட்டுவது, தண்ணீர் பிடித்து வைப்பது, கழிவறை கழுவுவது என்று நீளும் வேலைகளில் மணி அடிப்பதும் ஒன்று. ஆனால் யாராவது என்ன வேலை என்று கேட்டால் அம்மாவிடமிருந்து ஒரே பதில்தான் வரும். "பள்ளிக்கூடத்துல மணியடிக்கேன்."

அந்த ஓசைக்கு அம்மா வைத்திருக்கும் சொல் ணங். டங் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாள். வெண்கலம் என்றால் கணீர், அது கோயிலோடு இருக்கட்டும் என்பாள். இரும்பு இரும்பின்மேல் விழுந்தால் ணங். ஆறாம் வகுப்பில் தமிழாசிரியை, தமிழில் ண என்ற எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது என்று சொல்லிக் கொடுத்தார். நான் வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாக ஒப்பித்தேன். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் தெனமும் எட்டு தடவ அடிக்கது என்னதாம்? ஒங்க டீச்சர்ட்ட கேட்டுட்டு வா."

நான் கேட்கவில்லை. ஆசிரியை சொன்னால் அதற்கு மறுபேச்சு இல்லை என்று நம்பிய காலம் அது.

எங்கள் வீட்டில் அந்தச் சொல் தண்டவாளத்தோடு நிற்காது. தலையில் விழும் குட்டும் ணங்தான். பழைய சைக்கிள் வாங்கப் போன அப்பா அதன் கம்பியைத் தட்டிப் பார்த்து, "ணங்குனு இருக்கு, எடுத்துரலாம்" என்றார். துருப்பிடிக்காமல், ஒட்டுப்போடாமல் உறுதியாக இருக்கிறது என்று பொருள். குற்றாலத்தில் அருவித் தண்ணீர் உச்சந்தலையில் முதலில் விழும் அந்த நொடிக்கும் அதுவே. அம்மாவுக்குக் கோபம் வந்தால் டம்ளரைத் தரையில் ணங்கென்று வைப்பாள். அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. மரக்கடையில் சுமை ஏற்றி இறக்கும் என் அப்பா, பாதிச் சோற்றில் இருந்தாலும் கை கழுவிவிட்டு வெளியே போய்விடுவார். இவை எல்லாவற்றையும்விட அம்மா அதிகம் சொல்வது வேறொன்று. "மனசுக்குள்ள வச்சுப் புழுங்காத. ணங்குனு கேட்டுரு."

கேட்பது எனக்கு எப்போதும் எளிதாக இருந்ததில்லை. சொல்வது எளிது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படி ஏறிய முதல் ஆள் நான். மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அம்மாவுக்குக் கடிகாரம் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அதற்குமுன் அலுவலக எழுத்தர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி "அடிம்மா" என்று கத்த வேண்டியிருந்தது. கற்றுக்கொண்ட பிறகு அம்மாவின் மணி பிசகியதில்லை. எங்கள் தெருவில் அந்த ஓசை கேட்டுத்தான் உலை வைப்பார்கள். பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் எனக்கு. தலைமையாசிரியர் அறைக்கு வெளியே முதலிடம் பெற்றவர்களின் பெயர்ப் பலகை இருக்கிறது. வெள்ளை வண்ணத்தில் என் பெயர் அதில் வந்த நாளிலிருந்து அம்மா தினமும் அந்தப் பலகையைத் துடைக்கிறாள். இப்போது நான் சிவகிரி தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். தென்காசியிலிருந்து பேருந்தில் போய் வருகிறேன். எனக்கு எதையும் யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை, எல்லாம் நானே எழுதி வாங்கியது என்ற வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது. பக்கத்து இருக்கைக்காரர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

போன சாரல் காலத்தில் ஒரு ஞாயிறு காலை குற்றாலம் போனேன். பெண்கள் பக்கம் கூட்டம் நெரிந்தது. அங்கே தண்ணீருக்கு நடுவில் ஒருத்தி என் முடியைப் பிடித்து இழுத்தாள். திரும்பினால் அவள். பத்தாம் வகுப்பு வரை என் பக்கத்துப் பெஞ்சு. அந்த வருடம் என்னைவிட இரண்டு மதிப்பெண் குறைந்து இரண்டாவதாக வந்தவள். தந்தை சவூதியில், இப்போது கணவர் கத்தாரில். செங்கோட்டையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பேசுவதற்குள் காவல்துறை அக்கா ஒருவர் தடியால் இரும்புக் கைப்பிடியை அடித்தார். ணங், ணங், ணங்.

"போதும்மா, ஏறுங்க ஏறுங்க. பின்னால நிக்கவங்களும் குளிக்கத்தானே வந்திருக்காங்க?"

அவள் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே சிரித்தாள். "ஏட்டி, இந்த வேலைக்கு ஒங்கம்மாவப் போட்டிருக்கணும். இன்னும் அஞ்சு நிமிஷம் குளிச்சிருக்கலாம்."

"ஏன்?"

"ஏனா? கணக்குப் பரீச்சையில மணி அடிக்காம நின்னாங்கள்லா. மறந்துட்டியா?"

எனக்கு எதுவும் விளங்கவில்லை. உடை மாற்றிவிட்டு மிளகாய் பஜ்ஜிக் கடையில் நின்றபோது அவளே சொன்னாள். பெரிய கதைபோலச் சொல்லவில்லை. பஜ்ஜியை ஊதி ஊதித் தின்றபடியே சொன்னாள்.

"எங்க ரூமு ரோட்டுப் பக்கம். ஒங்க ரூமு மரத்துக்கு எதுத்தாப்புல. பன்னெண்டு ஆச்சுன்னு எங்க சாரு வாட்ச்சப் பாத்தாரு, தாளப் புடுங்கிட்டாரு. நான் வெளிய வந்து, கொழாயில மூஞ்சி கழுவி, தண்ணி குடிச்சு முடிச்ச பெறவுதான் ஒங்கம்மா ணங்குனு அடிச்சாங்க. எனக்கு கிராஃப்ல புள்ளியெல்லாம் வச்சாச்சு. கோடு போடல. ரெண்டு மார்க்கு போச்சு."

"நீ ஏன் அப்பவே சொல்லல?"

"யார்ட்ட சொல்ல? ஒங்கிட்டயா? நீ அப்ப தரையிலயா நடந்த?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். மிச்சப் பஜ்ஜியைத் தாளிலேயே மடித்து வைத்தேன்.

அந்தப் பரீட்சையைப் பற்றி என்னிடம் ஒரு கதை இருந்தது. கடைசிக் கேள்வி வரைபடம். புள்ளிகளை வைத்து வளைகோடு போட வேண்டும். நான் கோட்டை இழுத்து முடித்து, பென்சிலைத் தாளிலிருந்து எடுத்த அந்த நொடியில் மணி அடித்தது. பென்சிலை எடுத்தேன், மணி அடித்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நேரத்தைக் கணித்து எழுதுவது எப்படி என்று கேட்ட பெண்களுக்கு இந்தக் கதையைத்தான் சொன்னேன். என் சாமர்த்தியத்துக்குச் சாட்சியாக வைத்திருந்த நொடி அது. இப்போது அந்த நொடியைத் திரும்ப எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் வேறொன்று தெரிந்தது. மணி தற்செயலாக வந்ததா, அல்லது என் பென்சிலுக்காகக் காத்திருந்ததா?

அதற்குப் பிறகு இரண்டு வாரம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேருந்தில் ஜன்னல் இருக்கை கிடைத்தாலும் எழுந்து நின்றேன். அலுவலகத்தில் ஒரு மனுவில் தேதி முத்திரையைத் தலைகீழாகக் குத்தினேன். வீட்டில் அம்மா குனிந்து கூட்டும்போது பின்னாலிருந்து அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிசகாத கை என்று ஊரே சொன்ன கை. இரண்டு மதிப்பெண்தானே, எத்தனையோ வருடம் ஆகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் கட்டிக்கொண்ட அத்தனையும் அந்த முதலிடத்தின்மேல்தான் நின்றது. அடுத்தடுத்த பரீட்சைகளுக்குத் துணிந்து உட்கார்ந்ததே, 'நான் முதலாவது வந்தவள்' என்ற திமிரில்தான். அடியில் ஒரு கல் ஆடினால் மேலே நிற்பவளுக்குத்தான் தெரியும்.

இதற்கு நடுவில் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. ஆண்டு விழாவில் முன்னாள் மாணவிகள் சார்பில் நான் பேச வேண்டும். ஐந்து நிமிடம். அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் 'பள்ளியில் முதல் மதிப்பெண்' என்று அச்சடித்திருந்தார்கள். அம்மா அதைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வரி என் வரி என்று யாரிடமோ கேட்டு, நகத்தால் கீறி அடையாளம் வைத்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு மதியம் அம்மா பின்வாசலில் உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் படியில் உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.

"என்னட்டி, பூனை மாதிரி சுத்துத? மீனு வேணுமா?"

"கணக்குப் பரீச்ச அன்னைக்கு நீ மணிய லேட்டா அடிச்சியாம்மா?"

அரிவாள்மனையில் அவள் கை நின்றது. பிறகு மறுபடி ஓடியது. "ஆமா."

பதில் இத்தனை சுருக்கமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "ஏன்?"

"பொணம் வந்துச்சு."

"எந்தப் பொணம்?"

"நான் என்ன பேரா கேட்டேன்? சிற்றாத்துக்குப் போகுத பொணம். வாசல் பக்கம் வரும்போது சங்கு ஊதுதான், சேமக்கலம் அடிக்கான். நான் அந்நேரம் கம்பிய ஓங்கலாமா?"

சேமக்கலம் என்பது பிண ஊர்வலத்தில் அடித்துப் போகும் வட்ட வெண்கலத் தட்டு. அது கேட்டால் எங்கள் தெருவில் யாரும் இரும்போடு இரும்பு இடிக்க மாட்டார்கள். தோசைக்கல்லில் கரண்டியைத் தட்ட மாட்டார்கள். மூலையில் இருக்கும் வெல்டிங் கடைக்காரர்கூடச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நிற்பார். இன்னொரு மணி கேட்டால் போகிற உயிர் திரும்பிப் பார்க்கும் என்பார்கள். நானும் அப்படி நின்று பழகியவள்தான். படித்த பிறகும் அந்த ஓசை கேட்டால் என் கையில் இருக்கும் கரண்டி தானாக நிற்கும்.

எனக்கு மூச்சு திரும்பியது. யாரோ ஒருவரின் சாவு, அதற்கு அம்மா கொடுத்த மரியாதை. எனக்காக இல்லை. ஒரு அறையில் வாட்ச்சைப் பார்த்தார்கள், ஒரு அறையில் மணிக்குக் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். நான் எழுந்துவிட்டேன். மீன் தலையைத் தனியாக ஒதுக்கிக்கொண்டே அம்மா தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

"மூணு நிமிஷம் ஆயிருக்கும். மூலை திரும்பிட்டான். சத்தம் நின்னுட்டு. நான் கம்பிய எடுத்தேன். அங்கன ஜன்னல்ல நீ தெரிஞ்ச."

நான் மறுபடி படியில் உட்கார்ந்தேன்.

"குனிஞ்சு, நாக்கக் கடிச்சுக்கிட்டு, வளைச்சு வளைச்சு ஒரு கோடு இழுத்திட்டிருந்த. பாதி வந்திருந்துச்சு. சரி, இழுத்து முடிக்கட்டும்னு நின்னேன். நீ கைய எடுத்த, நான் அடிச்சேன்."

"அந்தக் கோட்டுக்கு எத்தன மார்க்குன்னு தெரியுமாம்மா ஒனக்கு?"

"எனக்கெங்கன தெரியும்? கோடு பாதியில நிக்கப்படாதுன்னு மட்டும் தெரியும். வாசல்ல கோலம் போட்டாலும் அப்படித்தானே."

"நான் கேட்டேனா? எனக்காக நில்லுன்னு நான் கேட்டேனா?"

"நீ ஏன் கேக்கப் போற? நீதான் ராணில்லா." அம்மா கையைக் கழுவினாள். பக்கத்தில் இருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். பிறகு அதைச் சிமெண்டுத் தரையில் வைத்தாள். ணங். "பெரிய சாரும் கேட்டாரு, ஏன் லேட்டுன்னு. பொணம் போச்சுய்யான்னேன். சரின்னுட்டாரு. பொணம் பாதி, எம்மவ பாதின்னா சொல்ல முடியும்?"

அன்று நான் சாப்பிடவில்லை. கோபம் யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை. கடிகாரத்தின் சின்ன முள், பெரிய முள் என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்தது நான். ஒரு நிமிடம் என்றால் எவ்வளவு என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் நின்றிருக்கிறாள். வேலை போகும் என்பதும் தெரியும். யாராவது ஒரு தாளில் எழுதிப் போட்டிருந்தால் அன்றைக்கே கம்பியைப் பிடுங்கியிருப்பார்கள். அதை நினைத்தபோது கோபத்துக்குள் வேறொன்று புகுந்தது. அதுவும் என்னை உட்காரவிடவில்லை.

ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு செங்கோட்டைக்குப் போனேன். ரயில் நிலையத்துக்குப் பின் தெருவில் என் பழைய பெஞ்சுத் தோழியின் வீடு. முன்னறையில் பாய் விரித்துப் பத்துப் பதினைந்து பிள்ளைகள். அவள் வெள்ளைப் பலகையில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். அளவுகோல் இல்லை. மணிக்கட்டை ஒருமுறை சுழற்றினாள், புள்ளிகள் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு வளைகோடு வந்து நின்றது. அவ்வளவு அழகான கோட்டை நான் என் வாழ்நாளில் போட்டதில்லை. பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தேநீர் கொண்டுவந்தாள்.

நான் ணங்கென்று சொல்லிவிட்டேன். பிணம் வந்தது, சேமக்கலம், ஜன்னல், நாக்கைக் கடித்துக்கொண்டு நான், எல்லாவற்றையும்.

"எத்தன நிமிஷம்?" என்று மட்டும் கேட்டாள்.

"பொணத்துக்கு மூணு. எனக்கு ஒண்ணு, ஒண்ணர இருக்கும்."

"ஆக நாலர." கணக்கு ஆசிரியை அல்லவா, உடனே கூட்டிவிட்டாள். "நாலர நிமிஷத்துல நான் மூணு கிராஃப் போட்டிருப்பேன்." பலகைப் பக்கம் திரும்பினாள். "எனக்கு ஒங்கம்மா மேல கோவம் வரல பாத்துக்கோ. எங்கம்மா நின்னிருந்தாலும் நின்னிருப்பாங்க. பொணம் வரும்போது அடிச்சிருந்தாத்தான் தப்பு. சரி, இத யார்ட்டல்லாம் சொல்லப் போற?"

"ஒங்கிட்ட மட்டுந்தான். வெளிய தெரிஞ்சா அம்மா வேல போயிரும்."

"அவங்கள இழுக்க வேண்டாம். நானும் இழுக்க மாட்டேன்." அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். கண்ணாடிக் கோப்பைதான், மெல்லத்தான் வைத்தாள். "ஆனா, இங்கன வந்து காதுல சொல்லிட்டு, மனசு லேசாயிட்டுன்னு பஸ் ஏறிப் போயிரலாம்னு பாக்குதியா? அந்தப் பலகையில என் பேரு இல்லங்கது ரகசியமாட்டி? ஊருக்கே தெரிய இல்லாமத்தான இருக்கு?"

அவள் சொன்னது சரி. நிம்மதி வாங்கிப் போகத்தான் வந்திருந்தேன்.

பேருந்தில் திரும்பும்போது யோசித்தேன். இலஞ்சி தாண்டுவதற்குள் ஒரு வழி தெரிந்தது. அம்மா ஏன் நின்றாள் என்று சொல்லத் தேவையில்லை. தோழியின் அறையில் மணிக்கு முன்பே தாளை வாங்கிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னால் போதும். அது உண்மை. இரண்டு மதிப்பெண் அங்கே போனது என்று சொல்ல வேண்டும், பலகையில் இன்னொரு பெயர் எழுத வேண்டும் என்று கேட்க வேண்டும். அவளுக்குப் போன் செய்து, விழாவுக்கு வருவாயா என்றேன்.

"வந்தா பஜ்ஜி உண்டா?"

"உண்டு."

"அப்ப வாரேன்."

சனிக்கிழமை சாயங்காலம் விழா. மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள், சாரல் விழுந்து விழுந்து நின்றது. தலைமையாசிரியர் மைக்கில் சொன்னார். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம். மணி அடித்தால் நடுவில் இருந்தாலும் இறங்கிவிட வேண்டும், அமைச்சரே வந்தாலும் இந்தப் பள்ளியில் அதுதான் சட்டம். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா புங்கை மரத்தடியில் கம்பியோடு நின்றாள். புதுச் சேலை. எதிரே வராந்தாச் சுவரில் கடிகாரம். இரண்டாவது வரிசையில் என் தோழி, காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

என் முறை வந்தது. நேராக விஷயத்துக்குப் போக வேண்டும் என்றுதான் ஏறினேன். ஆனால் மைக்கைப் பிடித்ததும் பழைய வாய் திறந்துவிட்டது. முதல் தலைமுறை, சிவகிரிப் பேருந்து, நின்றுகொண்டே படித்து எழுதிய பரீட்சைகள், என் நாற்காலி, என் மேசை. கைதட்டினார்கள். கைதட்டக் கைதட்ட இன்னும் கொஞ்சம் சொன்னேன். இரண்டாவது வரிசையில் அவள் தன் வெறும் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அந்த வருடம் பலகையில் இருக்க வேண்டியது என் பெயர் மட்டும் இல்லை. எங்கள் வகுப்பில் இன்னொருத்தி இருந்தாள். கணக்குப் பரீட்சை அன்று அவள் அறையில், கடைசி மணி அடிப்பதற்கு முன்பே"

ணங்.

நான் மரத்தடியைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கம்பியைப் பிடித்திருந்தாள். நிகழ்ச்சியை நடத்திய ஆசிரியை சிரித்துக்கொண்டே வந்து மைக்கை வாங்கினார். மைக் இல்லாத வெறும் குரலில் நான் மிச்சத்தைச் சொன்னேன். "தாளை வாங்கிட்டாங்க. ரெண்டு மார்க்கு அங்கதான் போச்சு. அவ பேரும் எழுதணும்." முன்னால் இரண்டு வரிசைக்குக் கேட்டிருக்கும். தலைமையாசிரியர் பாதி புரிந்து, "பாப்போம்மா, பாப்போம்" என்றார். அதற்குள் பிள்ளைகளின் நடனத்துக்குப் பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

இறங்கி நேரே மரத்தடிக்குப் போனேன்.

"ஒரு வரி முடிச்சிருப்பேன்லாம்மா."

"அஞ்சு நிமிஷம் ஆச்சு. முள்ளப் பாத்துத்தான் அடிச்சேன்."

"கொஞ்சம் நிக்கக் கூடாதா?"

"போன தடவ நின்னதுக்குத்தான இத்தன நாளா மூஞ்சத் தூக்கிட்டுத் திரிஞ்ச?"

பின்னாலிருந்து தோழியின் குரல் வந்தது. "என்னட்டி, கோடு பாதியில நின்னுட்டா?" அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். யார் என்று தெரிந்துகொண்டாள். கம்பியைச் சங்கிலியில் மாட்டிவிட்டு, ஈரக் கையால் அவள் கையைப் பிடித்தாள். பிறகு மூன்று பேரும் பஜ்ஜி தின்றோம்.

'பாப்போம்' என்பதற்கு என்ன பொருள் என்று தாலுகா அலுவலகத்தில் வேலை பார்ப்பவளுக்குத் தெரியும். அன்று வீட்டுக்கு வந்ததும் மனு எழுத உட்கார்ந்தேன். பெறுநர், அனுப்புநர், பொருள் எல்லாம் முறையாக. எந்தப் பரீட்சை, எந்த அறை, எப்போது தாள் வாங்கப்பட்டது, என்ன வேண்டுகிறேன். ஏன் மணி தாமதமானது என்ற இடத்தில் பேனா நின்றது. 'ஊர்வலம் சென்றதால்' என்று எழுதினேன். பாதி உண்மை. அம்மாவிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன்.

"என் பேரு இல்லையா?" என்றாள்.

"இல்ல."

"மணியடிச்சது யாருன்னு கேட்டா?"

"கேட்டா நான் வந்து பதில் சொல்லுதேன்."

"நீ என்னத்தச் சொல்ல? அடிச்சது நான். கேட்டா நானே சொல்லிக்கிடுதேன்." கையை நீட்டினாள். "குடு, திங்கக்கிழம நானே கொண்டு போறேன்."

திங்கள் சாயங்காலம் பேருந்திலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்படியில் இருந்தாள்.

"குடுத்தியா?"

"சாரு இல்ல. மேசையில ணங்குனு வச்சுட்டு வந்தேன்."

"காயிதம் எங்கம்மா ணங்குனு கேக்கும்?"

"மேல பேப்பர் வெயிட்ட வச்சேம்லா," என்றாள். "காத்துல பறந்துட்டுன்னு நாளைக்குச் சொல்லக் கூடாது பாரு."